4கே படம் பார்க்கப் பழைய ஐ5 கணினி போதுமா?

கையிலிருக்கும் ஆறாம் தலைமுறை ஐ5 கணினியை 4கே டிவியோடு இணைக்கலாமா, புதிது வாங்க வேண்டுமா என்பதுதான் உங்கள் கேள்வி. முதலில் இருப்பதைச் சோதித்துப் பாருங்கள்.

இந்த வேலைக்கு பிராசஸரின் வேகத்தைவிட முக்கியமானது, சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்ட, அதாவது டிகோட் செய்ய, அதில் தனிச் சுற்று இருக்கிறதா என்பது. 4கே எச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதலாகத் துலங்கும்) படங்கள் பெரும்பாலும் 10-பிட் எச்இவிசி (HEVC) என்ற சுருக்க வடிவில் வருகின்றன. இன்டெல்லில் அதற்கான முழு வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1 (AV1) என்ற இன்னொரு சுருக்க வடிவத்துக்குப் பதினொன்றாம் தலைமுறை வேண்டும். உங்கள் கணினியில் அந்தச் சுமையில் பெரும்பகுதி பிராசஸரின் பொதுவான கணிப்புப் பகுதிகளான கோர்களின் தலையில் விழும். ஃபேன் இரையும், படம் திக்கித் திக்கி ஓடும்.

கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் அப்படியொரு கோப்பை ஓடவிட்டு, கீபோர்டில் 'ஓ' (O) எழுத்தைத் தட்டுங்கள். டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ (HW, ஹார்டுவேர்) என்று வந்தால் சரி, தனிச் சுற்று வேலை செய்கிறது. எஸ்டபிள்யூ (SW, சாஃப்ட்வேர்) என்றால் கோர்கள்தான் உழைக்கின்றன.

அப்புறம், கேமரா மெல்ல நகரும் காட்சியைக் கவனியுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்டினால் அங்கே லேசாக வெட்டும். கோடி அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் (இந்தப் புதுப்பிப்பு வேகம்) படத்துக்கேற்பத் தானாக மாறும்படி வைத்தால் போய்விடும். பலர் இதைத் தெரியாமல் கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடுகிறார்கள்!

டிவியோடு இணைக்கும் போர்ட்டையும் பாருங்கள்: எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நிற்கும், எச்டிஆரும் கிடைக்காது. புதிதாக வாங்கினால் இன்டெல்லின் என்100 (N100) சில்லு உள்ள மினி கணினியே என் தேர்வு: 6 வாட்தான், ஏவி1 டிகோடும் உண்டு. 8 ஜிபி ரேம் தாராளம்.