ஃபோர்ஸ்கோலின் டிரிப்சினைத் தூண்டாதது ஏன்?

கேள்வி: நான் குமரி மாவட்டம் குலசேகரத்தைச் சேர்ந்த முதுகலை உயிர்வேதியியல் மாணவி. ஒரு வேதிப்பொருள் விலைப்பட்டியலில் ஃபோர்ஸ்கோலின், பிஎம்ஏ, ரெட்டினாயிக் அமிலம், சோடியம் பியூட்டிரேட் ஆகியவை ‘செரின் புரோட்டியேஸ் ஊக்கிகள்’ என்று குறிப்பிடப்பட்டிருந்தன. ஃபோர்ஸ்கோலினை வாங்கித் தூய டிரிப்சினுடன் சேர்த்து மூன்று முறை அளந்தேன். வினையின் வேகம் கூடவே இல்லை. பொருள் கெட்டுப்போயிருக்குமா? பிஎம்ஏ விலை கூடுதலாக இருக்கிறது. அது நேர்வாள விதையில் இருப்பதாகச் சொல்கிறார்களே, நானே சாறு பிழிந்து பயன்படுத்தலாமா?

பதில்: பொருள் கெட்டிருக்க வேண்டியதில்லை, நீங்கள் கண்டதுதான் எதிர்பார்க்க வேண்டிய முடிவு. அந்தப் பட்டியலில் உள்ள நான்கும் செரின் புரோட்டியேசை, அதாவது டிரிப்சின் போன்ற புரதம் வெட்டும் நொதியை, நேரடியாகத் தொடுபவை அல்ல, உயிருள்ள செல்லைத் தொடுபவை. உங்கள் சோதனைக் குழாயில் நொதி இருந்தது, செல் இல்லை.

டிரிப்சின் போன்ற செரின் புரோட்டியேசுகளின் வினைமையத்தில் ஹிஸ்டிடின் 57, ஆஸ்பார்டிக் அமிலம் 102, செரின் 195 என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து இயங்குகின்றன. இந்த எண்கள் கைமோடிரிப்சினின் வரிசைப்படி இடப்பட்டவை. முழுமையாக வெட்டப்பட்டுச் செயல்நிலைக்கு வந்துவிட்ட டிரிப்சினில் இந்த மூன்றும் ஏற்கெனவே சரியான இடத்தில் அமைந்துவிட்டதால், அதை மேலும் முடுக்கிவிட ஃபோர்ஸ்கோலினுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. கால்சியம் அயனி சேர்த்தால் டிரிப்சினின் செயல் நீடிப்பதைப் பார்க்கலாம். ஆனால் அது டிரிப்சின் தன்னைத் தானே செரித்துக்கொள்வதைக் குறைப்பதால் வரும் பலனே தவிர, தூண்டல் அன்று.

செல்லுக்குள் நிலைமை வேறு. அங்கே ஒரு புரோட்டியேசின் செயல் கூடுவதற்கு, அதன் மரபணு அதிகமாகப் படியெடுக்கப்படலாம், சேமித்துவைத்த நொதி வெளியே விடப்படலாம், செயலற்ற முன்நொதி வெட்டப்பட்டு விழித்துக்கொள்ளலாம், அல்லது அதைக் கட்டிப்போட்டிருக்கும் தடுப்புப் புரதம் குறையலாம். ‘மறைமுகமாக’ என்ற ஒரு சொல்லுக்குள் இவை அத்தனையும் அடங்கிவிடுவதால், எந்தப் படியில் நிகழ்கிறது என்று சொல்லாத விலைப்பட்டியலை நான் நம்புவதில்லை.

ஃபோர்ஸ்கோலின் அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை நேரடியாகத் தூண்டி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறின் அளவை உயர்த்துகிறது. பிஎம்ஏ என்ற ஃபோர்பால் எஸ்டர், செல் தானே உருவாக்கும் செய்தி மூலக்கூறான டைஅசைல்கிளிசராலைப் போல நடித்து, புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியை இயக்குகிறது. அதன் தொடர்ச்சியாக யூரோகைனேஸ் என்ற செரின் புரோட்டியேசின் மரபணு பல செல்வகைகளில் அதிகம் படியெடுக்கப்படுகிறது. மனித இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் ஃபோர்ஸ்கோலினையும் பிஎம்ஏவையும் சேர்த்துக் கொடுத்தால் திசு பிளாஸ்மினோஜன் ஊக்கி என்ற இன்னொரு செரின் புரோட்டியேசின் வெளியீடு, பிஎம்ஏவை மட்டும் கொடுப்பதைவிட அதிகமாகிறது. அதே வகைச் செல்களில் ரெட்டினாயிக் அமிலமும் பியூட்டிரேட்டும் இதே நொதியின் உற்பத்தியைக் கூட்டுகின்றன: முன்னது உட்கருவிலுள்ள ஏற்பிகள் வழியாக, பின்னது டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களிலிருந்து அசெட்டைல் தொகுதி நீக்கப்படுவதைத் தடுப்பதன் வழியாக. ஆனால் செல்வகை மாறினால் விளைவும் மாறும். பிஎம்ஏ பல செல்களில் பிஏஐ-1 என்ற தடுப்புப் புரதத்தையும் சேர்த்தே கூட்டிவிடும் என்பதால், நொதியின் அளவு உயர்ந்தும் செயல் உயராமல் போகலாம். அளவையும் செயலையும் தனித்தனியே அளக்கச் சொல்வது இதனால்தான்.

நேர்வாளம் பற்றி: வேண்டவே வேண்டாம். பிஎம்ஏ நேர்வாள எண்ணெயில் இருப்பது உண்மை. சித்த மருத்துவத்தில் முறைப்படி சுத்தி செய்த பிறகே அந்த விதையைக் கையாளுகிறார்கள் என்பதை நம் மாவட்டத்தில் வைத்தியக் குடும்பங்களோடு பழகியவர்கள் அறிவார்கள். எண்ணெய் பட்டால் தோல் கொப்புளிக்கும். பிஎம்ஏ புற்றுக்கட்டி வளர்ச்சியைத் தூண்டும் பொருள் என்பதும் விலங்குச் சோதனைகளில் நிறுவப்பட்டது. தவிர, சாற்றில் நச்சுப் புரதமும் வேறு ஃபோர்பால் எஸ்டர்களும் கலந்திருக்கும். எது வேலை செய்தது என்று உங்களால் சொல்ல முடியாது. அதேபோல, ஃபோர்ஸ்கோலின் ‘மருந்துக் கூர்க்கன்’ வேரிலிருந்து வருகிறது என்பதற்காகப் பொங்கலுக்கு நாம் அவிக்கும் சிறுகிழங்கை அரைக்கவும் வேண்டாம். பேரினம் ஒன்று, செடி வேறு.

செல் வளர்ப்பு வசதியுள்ள ஆய்வகம் கிடைத்தால் ஃபோர்ஸ்கோலினை 10 மைக்ரோமோலார் அளவிலும், பிஎம்ஏவை 10 முதல் 100 நானோமோலாருக்குள்ளும் கொடுத்து, 16 முதல் 24 மணி நேரம் கழித்து அளவிடுங்கள். மரபணு படியெடுக்கப்பட்டுப் புரதமாக வெளிவர அவ்வளவு நேரம் வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். தட்டிலிருந்து செல்களைப் பெயர்க்கப் பயன்படுத்தும் டிரிப்சினும் ஒரு செரின் புரோட்டியேஸ்தான். அது கழுவப்படாமல் எஞ்சியிருந்தால் நீங்கள் ஊற்றியதையே நீங்கள் அளந்துகொண்டிருப்பீர்கள். செல் வளர்ப்பில் சேர்க்கும் கன்றுச் சீரத்தில் பிளாஸ்மினோஜன் என்ற முன்நொதியும் புரோட்டியேஸ் தடுப்பிகளும் இருப்பதால், அளவிடும் கட்டத்தில் சீரமில்லாத ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒப்பிடுவதற்காக, கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த செல்கள் ஒரு வரிசை, அடினைலில் சைக்ளேசைத் தூண்டாத 1,9-டைடிஆக்சிஃபோர்ஸ்கோலின் சேர்த்தவை இன்னொரு வரிசை என வையுங்கள். யூரோகைனேஸை அளப்பதானால், அமிலோரைடு என்ற தடுப்பியைச் சேர்த்ததும் செயல் இறங்குகிறதா என்று பாருங்கள். திசு பிளாஸ்மினோஜன் ஊக்கியை அது தடுப்பதில்லை.

அந்த வசதி இல்லையென்றால் தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ளலாம். நம் பக்கத்தில் சக்கை என்று சொல்லும் பலாவின் கொட்டையில் டிரிப்சின் தடுப்பி உண்டு. வேகவைத்தால் அதன் வலிமை குறையும். பச்சைக் கொட்டைச் சாறு, வெந்த கொட்டைச் சாறு இரண்டையும் சம புரத அளவில் டிரிப்சினோடு சேர்த்து, டிரிப்சின் வெட்டினால் நிறம் தரும் பிஏபிஎன்ஏ என்ற பொருளிலிருந்து தோன்றும் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் அளந்தால், தடை தளர்வதால் செயல் கூடுவதைக் கண்ணால் காணலாம். செலவும் குறைவு.

வாங்கிய ஃபோர்ஸ்கோலினை டிஎம்எஸ்ஓவில் கரைத்துச் சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். டிரிப்சினோடு சேர்த்து மூன்று முறை எடுத்த அளவீடுகளைத் தூக்கி எறிய வேண்டாம். செல் இல்லாதபோது ஃபோர்ஸ்கோலின் டிரிப்சினின் வேகத்தைக் கூட்டுவதில்லை என்பதற்கான சான்றாக, அவை ஆய்வேட்டின் முதல் அட்டவணையில் இடம்பெறத் தக்கவை.