ஒருங்கிணைந்த கணக்கில் (தாய், துணை நிறுவனங்களை ஒன்றாகக் காட்டும் கணக்கு) துணை நிறுவனக் கடனை நீக்கிய பிறகும் செலாவணி நஷ்டம் நிற்கிறதே?

நிற்கத்தான் வேண்டும், உங்கள் பதிவில் பிழையில்லை. தாய் நிறுவனத்துக்கு வரவேண்டிய தொகையும் துணை நிறுவனத்தின் கடனும்தான் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; செலாவணி வித்தியாசம் லாப நட்டக் கணக்கிலேயே இருக்கும். செலாவணி மாற்றங்களுக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 21 சொல்வதும் இதுதான்.

காரணம் எளிது. யூரோவில் கணக்கு வைக்கும் துணை நிறுவனம் தாய் நிறுவனத்திடம் வாங்கிய 10 லட்சம் டாலர் கடன் என்று வையுங்கள். ஒரு யூரோ 1.20 டாலராக இருந்தபோது அது 8,33,333 யூரோ. ஆண்டு முடிவில் 1.10 ஆனால் 9,09,091 யூரோ. அந்த 75,758 யூரோ துணை நிறுவனத்துக்கு நிஜமான நஷ்டம், டாலரை வாங்கித்தானே அடைக்க வேண்டும்?

கடன் நிலுவையே பொருந்தவில்லை என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் ஒருவர் முடிவு நாள் விகிதத்தையும் மற்றவர் மாதச் சராசரியையும் போட்டிருப்பார். இரண்டு பேரேட்டையும் முதலில் டாலரில் ஒப்பிடுங்கள். டாலர் சரி என்றால் விகிதக் கோளாறு. இல்லையென்றால் பதியாத வட்டியோ வழியிலிருக்கும் பணமோ.

ஒன்று மட்டும் கவனம்: திருப்பிக் கேட்கும் திட்டமே இல்லாத, அருகில் அதற்கு வாய்ப்பும் இல்லாத கடன் என்றால், ஒருங்கிணைந்த கணக்கில் வித்தியாசம் இதர விரிவான வருமானத்துக்கு (லாப நட்டத்துக்கு வெளியே காட்டும் பகுதி) போகும். தனிக் கணக்கில் அப்போதும் லாப நட்டம்தான். வாய்மொழியாகச் சொன்னால் தணிக்கையாளர் ஏற்கமாட்டார், தீர்மானத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.