ஊசி கீழேயே நிற்பது நல்லதல்ல தம்பி

டொராண்டோவில் முதல் குளிர்காலம், வாங்கியது பழைய டொயோட்டா கொரோலா கார், 401 ஹைவேயில் ஏறினால் இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் ஊசி பாதிக்குக் கீழே இறங்குகிறது, ஹீட்டரில் வெதுவெதுவென்றுதான் காற்று வருகிறது, ஊரில் இன்ஜின் கொதித்தால்தானே பயம், குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லதில்லை தம்பி. இந்த வாரமே பாருங்கள்.

பெரும்பாலும் காரணம் தெர்மோஸ்டாட்தான், அதாவது இன்ஜின் சூட்டைச் சுமந்து சுற்றும் திரவமான கூலன்டின் வழியைத் திறந்து மூடும் வால்வு. அதற்குள் மெழுகு அடைத்த ஒரு சின்னக் குப்பி இருக்கும், கூலன்ட் சுமார் 82 டிகிரிக்குச் சூடானதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், அதுவரை கூலன்ட் சூட்டை வெளியே விடும் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினையும் ஹீட்டரையும் மட்டுமே சுற்ற வேண்டும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், மைனஸ் 15 குளிரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இருக்கிற சூட்டையெல்லாம் எதிர்க்காற்று வாங்கிவிடும். சிக்னலில் நின்றால் ஊசி ஏறுகிறது, ஹைவேயில் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

ஆனால் பார்ட் வாங்குவதற்கு முன் கூலன்ட் அளவைப் பாருங்கள், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அளவு குறைந்தாலும் ஹீட்டர் குளிரும், தெர்மோஸ்டாட் கோளாறுக்குக் காரின் கம்ப்யூட்டர் காட்டுகிற பி0128 என்ற அதே எச்சரிக்கைக் குறியீடும் வரும். அப்புறம் கார் கம்ப்யூட்டரின் எண்களைப் போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால் கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே மைனஸ் 5 இருக்க, கூலன்ட் மட்டும் மைனஸ் 40 என்று காட்டினால் கோளாறு சூட்டை அளக்கும் சென்சாரிலோ அதன் வயரிலோதான். இரண்டும் ஒத்துப்போய், ஓட்டும்போது 80-ஐத் தொடாமலே 60, 65 என்று விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள், கொரோலாவில் பல மாடல்களுக்குத் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருப்பதால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இப்படியே ஓட்டினால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். ஆயிலில் சேர்கிற ஈரமும் ஆவியாகாது; ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பாலாடை மாதிரி படிந்திருக்கும். குறுகிய தூரமே ஓட்டுகிறவர்களுக்கும் குளிரில் அது வரும், உடனே ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்று பயப்படாதீர்கள், கூலன்டும் சேர்ந்து குறைந்துகொண்டே வந்தால்தான் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வண்டி கொதித்தால் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு. இங்கே யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள், முன் கண்ணாடியில் படியும் பனியைக் கரைப்பதே அந்த ஹீட்டர் காற்றுதான், கண்ணாடி தெரியாமல் ஹைவேயில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

தெர்மோஸ்டாட்டை மாற்றும்போது அதற்குரிய புது கேஸ்கெட்டும் போடச் சொல்லுங்கள். கூலன்ட் டொயோட்டாவுக்கு உரியதாக, பாதிக்குப் பாதி கலந்தே விற்பதாக இருக்கட்டும், அது சுமார் மைனஸ் 37 வரை உறையாது, குழாய்த் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். கூலன்ட் ஓடும் வழிக்குள் காற்று நிற்காமல் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். ஸ்கேனரில் வருகிற எண்களை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.