ஆண்டுக்கு ஆயிரம் சூரியன்கள் பிறக்கும் பேரடைகள் ஏன் இருண்டு தெரிகின்றன?

தொலைவிலுள்ள சில பேரடைகளில், அதாவது நமது பால்வழி போன்ற விண்மீன் பெருந்தொகுதிகளில், ஆண்டொன்றுக்கு ஆயிரம் சூரியன்கள் பிறப்பதாகப் படித்த நண்பர், அத்தனை ஒளி உண்டாகும் இடம் சாதாரண வானியற் படங்களில் மங்கிய புள்ளியாகவோ வெற்றிடமாகவோ இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார். திருக்கோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கும் இந்த ஐயம் நெடுநாள் இருந்தது.

முதலில் ஒரு திருத்தம். ஆயிரம் என்பது விண்மீன்களின் எண்ணிக்கை அன்று; விண்மீன்களாக மாறும் வாயுவின் திணிவு, சூரியனின் திணிவைப் போல் ஆயிரம் மடங்கு என்பதே பொருள். பிறப்பவற்றுள் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை என்பதால் எண்ணிக்கை அதனினும் கூடும். நமது பால்வழியில் இந்த அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு சூரியத் திணிவுதான்.

சிறுவயதில் அம்மப்பாவுடன் மூதூர்ப் பக்கம் சென்றபோது, எரிந்துகொண்டிருந்த செங்கற் சூளை ஒன்றைப் பார்த்தேன். சுற்றிலும் மண் பூசியிருந்ததால் தீ கண்ணில் படவில்லை. பத்தடி தள்ளி நின்றபோதே முகத்தில் சூடு அடித்தது. அந்தப் பேரடைகளும் இத்தகையவையே. விண்மீன்கள் பிறக்கும் வாயு முகில்களில் காபனும் சிலிக்கேற்றும் கொண்ட நுண்துகள்கள் கலந்துள்ளன. அவை புகைத்துகள் அளவினவாக இருந்தாலும், இளம் விண்மீன்கள் உமிழும் ஊதாக்கடந்த ஒளியையும் கட்புலனாகும் ஒளியையும் விழுங்கிச் சூடேறி, பெற்ற ஆற்றலைச் செந்நிறக்கீழ்க் கதிர்களாகத் திரும்ப உமிழ்கின்றன. (தமிழ்நாட்டு நூல்கள் அகச்சிவப்பு என்பதும் இதையே.) சூடேறி என்றாலும் அத்தூசியின் வெப்பநிலை சுமார் −240 பாகை செல்சியஸ் தான். மிகப் பிரகாசமான விண்மீன்கள் சில மில்லியன் ஆண்டுகளே வாழ்பவை. தம்மைச் சூழ்ந்த முகில் கலைவதற்குள் அவற்றுட் பல மடிந்துவிடுவதால், அவற்றின் ஒளி நேராக வெளியே வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதை முதலில் பெருமளவில் வெளிக்கொணர்ந்தது 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செய்மதி. ஆர்ப் 220 என்னும் பேரடை, உண்மையில் ஒன்றோடொன்று மோதி இணைந்துகொண்டிருக்கும் இரு பேரடைகள், சூரியனைப் போல் ஒரு இலட்சம் கோடி மடங்குக்கு மேற்பட்ட ஆற்றலைச் செந்நிறக்கீழில் மட்டும் உமிழ்வது அப்போது தெரிந்தது. அது 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால், வானியற் கணக்கில் அயலூர்.

உண்மையான தொலைவுக்குக் கதை 1997இல் நகர்கிறது. ஹவாயின் மௌனா கியா மலையில், கடல்மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கு மேலே நிற்கும் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் தொலைகாட்டியில் ஸ்கியூபா என்ற கருவி பொருத்தப்பட்டு, 850 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் வானம் பார்க்கப்பட்டது. என்னை இன்றும் வியக்கவைப்பது இங்கே நிகழும் ஒரு வினோதம். தொலைவு கூடினால் பொருள் மங்கும். இது எல்லோரும் அறிந்தது. ஆனால் தூசியின் ஒளி உச்சம் ஏறத்தாழ 100 மைக்கிரோமீற்றரில் இருக்கிறது. பேரண்டம் விரிவதால் அந்த அலைகள் நீண்டு, தொலைவு கூடக்கூட உச்சம் 850ஐ நோக்கி நகர்ந்து வருகிறது. தொலைவால் குறையும் ஒளியை இந்த நகர்வு ஈடுசெய்துவிடுவதால், ஒரே ஆற்றலுடைய இரு பேரடைகளுள் ஒன்று மற்றதைவிடப் பல நூறு கோடி ஒளியாண்டுகள் அப்பால் இருந்தாலும், இந்த அலைநீளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும். இப்படிக் கண்டறியப்பட்டவற்றுட் பலவற்றின் ஒளி, ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் புறப்பட்டது.

இந்த வேகம் நீடிக்காது என்பதைக் கணக்கே சொல்லும். பத்தாயிரம் கோடி சூரியத் திணிவு வாயுவை வைத்திருக்கும் பேரடை, ஆண்டுக்கு ஆயிரம் வீதம் செலவிட்டால் பத்துக் கோடி ஆண்டில் கையிருப்புத் தீர்ந்துவிடும். பேரண்டத்தின் 1,380 கோடி ஆண்டு வயதில் அது சொற்பம். அவ்வேகத்தைத் தூண்டுவது மோதலா, வெளியிலிருந்து இடைவிடாது வந்துவிழும் வாயுவா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அருகிலுள்ளவற்றில் மோதலே காரணம் என்பது தெளிவு. தொலைவிலுள்ளவற்றுக்கு இரண்டும் பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன்.

செய்திகளில் வரும் எண்களைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். ஹெர்ஷல் விண்தொலைகாட்டி கண்டறிந்த எச்எஃப்எல்எஸ்3 என்ற பேரடை, பெருவெடிப்புக்கு 88 கோடி ஆண்டுகளுக்குப் பின்னரே ஆண்டுக்கு 2,900 சூரியத் திணிவை விண்மீன்களாக்கியது என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. இடையில் உள்ள வேறொரு பேரடையின் ஈர்ப்பு அதன் ஒளியைப் பெருக்கிக் காட்டியது புலனானதும், மறு ஆண்டே அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது. பேரடையின் நடுவிலுள்ள கருந்துளையும் அதே தூசியைச் சூடாக்கக்கூடும் என்பது இன்னொரு சிக்கல்.

இவற்றை இங்கிருந்து பார்க்க முடியுமா என்பது நண்பரின் துணைக்கேள்வி. 850 மைக்கிரோமீற்றர் அலைகளை வளியிலுள்ள நீராவி பெருமளவு விழுங்கிவிடுவதால், கொட்டியாரக் குடாவின் ஈரக்காற்றுக்கு அடியில் அது நடவாது. இத்தகைய அலைகளைப் பார்க்கும் அல்மா என்னும் தொலைகாட்டித் தொகுதியின் 66 அலைவாங்கிகளைச் சிலியில் 5,000 மீற்றர் உயர வறண்ட மேட்டுநிலத்தில் நிறுத்தியதற்கு இதுவே காரணம். ஆனால் ஆனி மாதத்து வானம் தெளிந்த இரவில், நிலாவெளிப் பக்கம் இருட்டான இடத்தில் பெரியதொரு தொலைகாட்டி கிடைத்தால், உச்சிக்கு அருகே ஆர்ப் 220ஐ ஒரு சிறு புகைக்கறையாகக் காணலாம். கண்ணுக்கு எட்டும் அக்கறை, அப்பேரடை உமிழும் ஆற்றலில் நூற்றில் ஒரு சில பங்குதான்.