கைப்பேசி யோகா: சுங்கை சிப்புட் வகுப்பில் கேட்டதும் சொன்னதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரின் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் மாலை யோகா வகுப்புக்கு வருகிறவர்களும், வர முடியாமல் தோட்டத்து வீட்டிலேயே செயலியைப் போட்டுப் பழகுகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஆசனம், மூச்சுப் பயிற்சி இரண்டும் என் துறை. மருந்தைப் பற்றி டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

டீச்சர், எந்தச் செயலி நல்லது?

ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய விடும் செயலி எதுவானாலும் நல்லது. டவுன் டாக் போன்ற யோகா செயலிகள் ஒவ்வொரு முறையும் ஆசன வரிசையை மாற்றித் தரும். பழகியவர்களுக்கு அது பிடிக்கும். புதியவர்கள் அடுத்து என்ன வருமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செலவில்லாமல் வேண்டும் என்றால், உலக யோகா தினத்துக்காக இந்திய ஆயுஷ் அமைச்சு வகுத்த 45 நிமிடப் பொதுப் பயிற்சி இருக்கிறது. அதன் காணொளி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு மாதம் அதை மட்டும் செய்யுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறேன். கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்கின்றன. செயலியில் கழுத்து வலி என்று தேடினால் புஜங்காசனமும் (குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது) மத்ஸ்யாசனமும் (மல்லாந்து படுத்துத் தலையைப் பின்னால் வளைப்பது) வருகின்றன. செய்தால் வலி கூடுகிறது.

தம்பி, கூடத்தான் செய்யும். அந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் மேசையில் குனிந்து கணினி பார்ப்பவர்களை மனதில் வைத்து அமைத்தவை. அவர்களுடைய கழுத்து நாள் முழுக்க முன்னால் தொங்குகிறது, அதனால் பின்னால் வளைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் காலையிலிருந்து நீள அரிவாள் கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தே நிற்கிறீர்கள். பின்னால் வளைந்தே களைத்த கழுத்தை மத்ஸ்யாசனம் இன்னும் பின்னால் தள்ளுகிறது. செயலிக்கு உங்கள் வேலை தெரியாது.

வேலை முடிந்து குளித்த பிறகு, சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். தாடையை லேசாக உள்ளே இழுத்துப் பின்தலையைச் சுவரில் வைத்து ஐந்து மூச்சு. அப்புறம் தோளைக் காதுவரை தூக்கி மெதுவாக இறக்குங்கள். அடுத்து மார்ஜரி ஆசனம்: முட்டி போட்டுக் கைகளை ஊன்றி, முதுகை மேலே வளைக்கும்போது கழுத்தைத் தொங்க விடுங்கள். கீழே இறக்கும்போது தலையைத் தூக்காமல் தரையைப் பாருங்கள். கடைசியில் பாலாசனம்: குதிகாலில் உட்கார்ந்து முன்னால் குனிந்து, நெற்றியைத் தலையணையில் வைத்து. புஜங்காசனம் செய்தே ஆக வேண்டும் என்றால் மார்பை நாலு விரற்கடை மட்டும் தூக்குங்கள், பார்வை தரையிலேயே இருக்கட்டும். கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ யோகாவை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போங்கள்.

கைப்பேசியை எங்கே வைப்பது?

நின்று செய்யும்போது கண் மட்டத்தில், படுத்துச் செய்யும்போது எங்கேயும் வேண்டாம். காதால் கேட்டால் போதும். கால்களை மேலே தூக்கி நிறுத்தும் சர்வாங்காசனத்தில் உடம்பின் எடை தோளிலும் கழுத்திலும் நிற்கிறது. அந்த நேரத்தில் திரையைப் பார்க்கத் தலையைத் திருப்புவதுதான் எனக்குப் பெரிய பயம். முதலில் உட்கார்ந்து பயிற்சி முழுவதையும் பாருங்கள், பிறகு ஒலியை மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

கேமரா வழியாகப் பார்த்து நிலையைத் திருத்தும் செயலி வந்துவிட்டதே? ஆசிரியர் தேவையா?

அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இவ்வகைக்குப் பலர் பயன்படுத்தும் கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் உடம்பில் 33 புள்ளிகளைக் கணிக்கிறது: முகம், தோள், முழங்கை, கை, இடுப்பு, முட்டி, கால். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் முதுகெலும்பில் ஒரு புள்ளிகூட இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் ஒருவர் இடுப்பிலிருந்து மடங்குகிறாரா, முதுகைக் கூன் போடுகிறாரா என்பதுதான் முக்கியம். அந்தப் புள்ளிகள் அதை நேராகக் காட்டுவதில்லை. கை பாதத்தைத் தொட்டதும் சரி என்று சொல்லிவிடலாம். மூச்சை அடக்குகிறீர்களா, பல்லைக் கடிக்கிறீர்களா என்பதும் அதற்குத் தெரியாது.

செயலியில் இழுக்க 16, அடக்க 64, விட 32 என்று மூச்சுக் கணக்கு வைத்திருக்கிறேன். திருமூலர் சொன்ன கணக்கு. வகுப்பில் மட்டும் ஏன் கும்பகம் (மூச்சை அடக்குவது) வேண்டாம் என்கிறீர்கள்?

ஐயா, கணக்கு திருமந்திரத்தில் உள்ளதுதான். ஆனால் செயலி அதை விநாடியாக எண்ணுகிறது. அப்படியானால் 64 விநாடி மூச்சை அடக்குகிறீர்கள், ஒரு சுற்று 112 விநாடி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்கள். வேண்டாம்.

(அவரே மறுபடியும்) அங்கே விநாடி என்று சொல்லவில்லையே. செயலியின் வேகத்தைக் கூட்டினால் போகிறது.

வேகத்தைக் கூட்டினாலும் அடக்கும் நேரம் இழுக்கும் நேரத்தைப் போல நான்கு மடங்காகத்தான் இருக்கும். என் கவலை அதில்தான்.

நானும் ஐயா பக்கம்தான். முன்னோர் சொன்னதை நாம் குறைக்கலாமா?

குறைக்கவில்லை அக்கா, வரிசையை மதிக்கிறேன். அட்டாங்க யோகத்தில் இயமம், நியமம், ஆதனம் மூன்றுக்கும் பிறகு நாலாவதாகத்தான் பிராணாயாமம் வருகிறது. பக்கத்தில் குரு இருந்து, முகம் சிவக்கிறதா என்று பார்த்து, ஆளுக்கேற்பக் கூட்டிக் கொடுத்த பாடம் அது. செயலியை இறக்கிய முதல் நாளே உச்சக் கணக்கைத் தொட்டால் முன்னோர் சொன்னதைத்தான் மீறுகிறோம். ரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம் இருந்தால் மூச்சை அடக்க வேண்டாம். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம்.

எந்தச் செயலியை இறக்கலாம் டீச்சர்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஏழு நாள் இலவசம் என்றார்கள். செயலியை அழித்துவிட்டேன், ஆனாலும் பணம் போகிறது.

செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்தும் பகுதியில் சந்தாக்களைத் திறந்து ரத்து செய்யுங்கள். ஐபோனில் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டால் அதே பகுதி வரும்.

பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். விடியற்காலை வெறும் வயிற்றில் செய்யச் சொல்கிறது செயலி.

அம்மா, அந்த அறிவுரை இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பொருந்தாது. முதலில் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் சீனி கலந்த தண்ணீர் வையுங்கள். சர்க்கரையால் கண் விழித்திரை பாதித்திருக்கிறதா என்று கண் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பாதித்திருந்தால் தலைகீழ் ஆசனம் எதுவும் கூடாது, குனிந்து தலையைத் தொங்க விடுவதும் கூடாது.

சிரசாசனத்தைச் செயலி பார்த்துப் பழகலாமா?

கூடாது.

ஐந்து மாதக் கர்ப்பம். எந்தச் செயலி?

தாய் சேய் கிளினிக்கில் தாதியிடம் முதலில் கேளுங்கள் அம்மா. அவர்கள் சரி என்றால் நேரில் வாருங்கள், செயலியை வைத்துத் தொடங்க வேண்டாம்.

திரை சின்னதாக இருக்கிறது. கைப்பேசியைத் தரையில் வைத்துக் குனிந்து பார்க்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். காதால் கேளுங்கள். கழுத்து உங்களுடையது.

(திருமூலர் ஐயா) சரி டீச்சர், அடக்காமல் எப்படிச் செய்வது?

நன்றி ஐயா. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். தலை லேசாகச் சுற்றினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். செயலியின் மணியை 4-6 என்று மாற்றத் தெரியாவிட்டால், அடுத்த வகுப்புக்கு வரும்போது கைப்பேசியைக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன். உங்கள் ரத்த அழுத்தக் குறிப்புப் புத்தகத்தையும் மறக்காதீர்கள்.