ஒன்பதாவது இன்னிங்ஸ் யாருக்கு? 2007 ரெட் சாக்ஸ் முகாம்: கேள்வி பதில்

பேஸ்பால் அணிகளின் வசந்தகாலப் பயிற்சி முகாமில் புல்பென் இடங்களுக்கு நடக்கும் போட்டியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பொதுவாகப் பேசினால் வெறுங்கையால் முழம் போட்டதாகிவிடும். எனவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகாமை எடுத்துக்கொள்கிறேன். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸ் நகரில் 2007 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நடத்திய முகாம் அது. குளோசர் யார் என்று தெரியாமலேயே அந்த அணி முகாமைத் தொடங்கியது.

புதுவாசகி: ஐயா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். புல்பென், குளோசர் என்பவற்றை முதலில் விளக்கிவிடுங்கள்.

பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். பந்து வீசுபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஸ்டார்ட்டர். ஐந்தாறு இன்னிங்ஸ் வீசி அவர் களைத்த பிறகு, மீதியை வீச மாற்று பிட்சர்கள் வருவார்கள். அவர்கள் உடலைச் சூடாக்கிக்கொண்டு காத்திருக்கும் இடம் புல்பென். அந்தக் குழுவுக்கும் அதே பெயர்தான். சிறிய முன்னிலையுடன் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடித்துவைப்பவர் குளோசர். கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது என்று கேப்டன் தேடுவாரே, அந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அவர் காப்பாற்றிக் கொடுக்கும் வெற்றி அவர் கணக்கில் ஒரு சேவ்.

நள்ளிரவு ரசிகன்: 2006-ல் ஜொனத்தன் பேப்பல்பான் 35 சேவ் எடுத்தாரே. அவர் இருக்கும்போது போட்டி எதற்கு?

தோள்பட்டைதான் காரணம். அந்த ஆண்டு அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஃபீல்டிங் பிழையால் வந்தவை போக) அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி, 0.92. முதல் முழுப் பருவத்திலேயே ஒருவர் இப்படி வீசுவது அபூர்வம். ஆனால் செப்டம்பர் 1 அன்று தோள் மூட்டு சற்று நழுவி, வலியோடு களத்தைவிட்டு வெளியேறினார். அத்துடன் அவருக்குப் பருவம் முடிந்தது.

குளோசருக்கு எந்த நாள் வேலை வரும் என்று யாருக்கும் தெரியாது. தொடர்ந்து மூன்று நாள் எழுந்து வீச வேண்டியிருக்கலாம். பிறகு நான்கு நாள் சும்மா உட்காரவும் நேரலாம். ஸ்டார்ட்டருக்கோ ஐந்து நாளுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு உண்டு. இடைப்பட்ட நாள்களில் தோளை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் திட்டமிட்டுச் செய்யலாம். அந்தக் கணக்கில்தான் அவரை ஸ்டார்ட்டராக்க முடிவு செய்தார்கள். குளோசர் நாற்காலி காலியானது அப்படித்தான்.

பாஸ்டன்வாசி: அந்த நாற்காலிக்கு யார் யார் வரிசையில் நின்றார்கள்?

சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் குளிர்காலத்தில் பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் பணத்துக்குப் பஞ்சம் வைக்கவில்லை. ஜப்பானிலிருந்து டைசுகே மட்சுசாகாவைக் கொண்டுவரப் பழைய அணிக்கு மட்டும் 5.11 கோடி டாலர், வீரருக்கு ஆறு ஆண்டுக்கு 5.2 கோடி. ஜே.டி. ட்ரூவுக்கு ஐந்து ஆண்டுக்கு 7 கோடி. ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸுக்காக வாங்கி வந்த முக்கியமான ஆள் ஜோயல் பினேரோ. ஓராண்டுக்கு 40 லட்சம் டாலர். அவர் சியாட்டிலில் ஸ்டார்ட்டராக இருந்தவர், முந்தைய ஆண்டு ஈ.ஆர்.ஏ. 6.36. குறுகிய நேரம் வீசினால் பந்தின் வேகம் கூடும், அவரைக் குளோசராக மாற்றிவிடலாம் என்பது அணியின் நம்பிக்கை. எனக்கு அன்றே அது நம்பிக்கையாகத் தெரியவில்லை, பேராசையாகத்தான் தெரிந்தது.

அடுத்தவர் மைக் டிம்லின். முகாம் நடந்துகொண்டிருந்தபோதே 41 வயதை எட்டினார். அனுபவம் நிறைய, ஆனால் விலாப்புறத் தசை பிடித்துக்கொண்டு, பருவத் தொடக்கத்தில் காயமடைந்தோர் பட்டியலுக்குப் போய்விட்டார். ஏஞ்சல்ஸ் அணியிலிருந்து வந்த பிரெண்டன் டானலி நல்ல உழைப்பாளி. எட்டாவது இன்னிங்ஸ் வரை நம்பலாம். ஹூலியன் டவாரெஸ் எதையும் வீசத் தயார். ஆனால் முந்தைய வசந்தத்தில் எதிரணி வீரர் ஒருவரைக் குத்திவிட்டு 10 ஆட்டத் தடை வாங்கியவர். ஒரு ரன் முன்னிலையில் அப்படிப்பட்ட மனநிலையை அனுப்பிவிட்டு எந்த மேலாளரும் நிம்மதியாக இருக்க மாட்டார். இளைஞர்களில் மானி டெல்கார்மென், கிரெய்க் ஹான்சன். இவ்வளவுதான் பட்டியல்.

2004-ல் கோப்பையை வென்றபோது குளோசராக இருந்த கீத் ஃபோக் அப்போது அணியில் இல்லை. கிளீவ்லாந்தில் சேர்ந்தவர், முகாமுக்கே போகாமல் ஓய்வை அறிவித்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை: முகாம் ஆட்டங்களில் யார் நன்றாக வீசினார் என்று பார்த்து இடம் கொடுத்தால் போதுமே? எதற்கு இத்தனை குழப்பம்?

உங்கள் பெயருக்கு ஏற்ற கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். முழு மார்ச்சிலும் ஒரு மாற்று பிட்சர் வீசுவது சுமார் பத்து இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் வீசியவர் ஒரே ஒரு பந்தைத் தவறாகப் போட்டு, நம் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்னில் மூன்று ரன் கொடுத்தால், அவர் ஈ.ஆர்.ஏ. அந்த ஒரு பந்தாலேயே 3.00 கூடிவிடும். அந்தப் பந்தும் காற்று அடித்துக்கொண்டு போனதாக இருக்கலாம். இதை வைத்து ஓர் ஆண்டுக்கான வேலையைக் கொடுப்பதா?

அடுத்தது, எதிரே நிற்பவர் யார் என்ற கேள்வி. முகாம் ஆட்டத்தில் பெரிய மட்டைவீரர்கள் இரண்டு மூன்று முறை ஆடிவிட்டு, ஐந்தாவது ஆறாவது இன்னிங்ஸிலேயே குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எட்டாவது ஒன்பதாவது இன்னிங்ஸில் முதுகில் எண்பது தொண்ணூறு என்று எண் போட்ட கீழ் அணிப் பையன்கள்தான் களத்தில் இருப்பார்கள். அவர்களில் மூவரைப் பந்தை அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்ததற்கு என்ன மதிப்பு? அதனால்தான் குளோசர் தேர்வில் இருப்பவரை மூன்றாவது நான்காவது இன்னிங்ஸிலேயே வீசவைத்து, உண்மையான மட்டைவீரர்களோடு மோதவிடுவார்கள். ஆட்ட விவரப் பட்டியலில் உள்ள எண்ணைவிட, எந்த இன்னிங்ஸில் வந்தார் என்பதைப் பாருங்கள். அணி யாரை ஆழ்ந்து பரிசீலிக்கிறது என்பது அதில் தெரியும்.

மூன்றாவதாக, பிட்சர்களே முகாமில் ஜெயிக்க வீசுவதில்லை. புதிதாகக் கற்ற சேஞ்சப்பை (வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து) ஒருவர் அடுத்தடுத்து எட்டு முறை போட்டுப் பார்ப்பார். அடித்து நொறுக்குவார்கள், அவர் கவலைப்பட மாட்டார். வேலை உறுதியானவருக்கு அது பயிற்சி, இடம் தேடுபவருக்கு அது தேர்வு. இருவரின் எண்களையும் ஒரே பட்டியலில் அச்சிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

பயிற்சியாளர்கள் உண்மையில் பார்ப்பது வேறு: முதல் பந்து ஸ்ட்ரைக்காக, அதாவது மட்டைவீரர் அடிக்கக்கூடிய எல்லைக்குள், விழுகிறதா, பந்தின் வேகம் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா, மார்ச் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாள் வீசவைத்தால் இரண்டாம் நாள் கை எப்படி இருக்கிறது. இந்த மூன்றாவதில் தோற்பவருக்குப் புல்பென்னில் வேலை இல்லை.

இடதுகை: ஹான்சன், அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வு ஆயிற்றே. அவருக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை?

2005-ல் தேர்வாகி, அதே செப்டம்பரில் பெரிய அணிக்கு வந்தவர்; அந்த அவசரமே அவருக்கு வினையானது என்பது என் கருத்து. கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. 2007 முழுவதும் பாட்டக்கெட்டில் இரண்டாம் நிலை அணியில்தான் இருந்தார். டெல்கார்மெனும் பருவத்தை அங்கேதான் தொடங்கினார்.

திறமை ஒருபுறம் இருக்க, ஒப்பந்த விதியும் இங்கே பேசுகிறது. இளம் வீரரை மூன்று பருவங்கள் வரை கீழ் அணிக்கு இறக்கலாம், ஏற்றலாம். அதற்கு ஆப்ஷன் என்று பெயர். அது தீர்ந்துபோன வீரரை இறக்க வேண்டுமானால் முதலில் எல்லா அணிகளுக்கும் காட்ட வேண்டும். யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே கடைசி இடத்துக்கு இருவர் சமமாக நின்றால், ஆப்ஷன் தீர்ந்தவருக்குத்தான் இடம். இன்னொருவர் நன்றாக வீசியிருந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாஸ்டன்வாசி: ஒரே குளோசர் எதற்கு? ஆளுக்கொரு நாள் என்று பகிர்ந்திருக்கலாமே?

2003-ல் இதே ரெட் சாக்ஸ் அதை முயன்றது. மிகச் சிறந்த மாற்று பிட்சரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பூட்டிவைக்காமல், ஆட்டம் எப்போது நழுவுகிறதோ அப்போது இறக்கு என்பது அணியின் ஆலோசகராக இருந்த புள்ளியியலாளர் பில் ஜேம்ஸின் வாதம். வாதத்தில் குறையில்லை, இன்று பல அணிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே, பெட்ரோ மார்ட்டினெஸ் 4-1 என்று விட்டுச்சென்ற முன்னிலையை ஒன்பதாவது இன்னிங்ஸில் கோட்டைவிட்டார்கள். தம்பா பேயின் கார்ல் கிராஃபோர்டு அடித்த ஹோம் ரன்னோடு 6-4 என்று தோல்வி. திட்டம் நல்லது, கையில் இருந்த பிட்சர்கள்தான் போதவில்லை. அந்தச் சூடு பட்ட பிறகு பாஸ்டனில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிவில்லை.

நள்ளிரவு ரசிகன்: கடைசியில் முடிவு எப்படி வந்தது?

மார்ச் 22. பேப்பல்பானே மறுபடியும் குளோசர் என்று அறிவித்தார்கள். ஸ்டார்ட்டராக முகாமில் அவர் வீசியது நன்றாகவே இருந்தது. ஆனால் மனம் ஒன்பதாவது இன்னிங்ஸில்தான் இருக்கிறது என்று மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனாவிடம் தாமே போய்ச் சொன்னார். மருத்துவர்கள் தோளை மறுபடியும் பரிசோதித்து, வேலைப்பளுவைக் கண்காணித்தால் சமாளிக்கலாம் என்றார்கள். அவர் காலி செய்த ஐந்தாவது ஸ்டார்ட்டர் இடம் டவாரெஸுக்குப் போனது. ஆக, ஐந்து வாரம் நடந்த போட்டியில் ஓடியவர்கள் யாரும் ஜெயிக்கவில்லை. ஓடாதவருக்குக் கிடைத்தது.

வேறு யாராவது நம்பிக்கை தந்திருந்தால் எப்ஸ்டீன் அந்தத் தோளோடு விளையாடியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

புதுவாசகி: பினேரோ பாவம் இல்லையா?

இல்லை. ஜூலை இறுதியில் செயின்ட் லூயிஸுக்குப் போனார். மறுபடி ஸ்டார்ட்டராகி, 2009-ல் 15 வெற்றி எடுத்தார். அவருக்குச் சொந்தமான வேலை அதுதான்.

இடதுகை: ஒகாஜிமாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காணோமே!

வருகிறேன். ஹிடேகி ஒகாஜிமாவுக்கு இரண்டு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர். மட்சுசாகாவுக்குத் துணையாகப் பேச ஓர் ஆள் என்றே பலரும் எழுதினார்கள். பந்தை விடும் கணத்தில் ஒகாஜிமாவின் தலை முழுவதும் கீழே தொங்கிப் பக்கவாட்டில் திரும்பிவிடும்; பந்தைப் பிடிக்க எதிரே உட்கார்ந்திருக்கும் கேட்சரையே பார்க்க மாட்டார். பார்ப்பவருக்கு, கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறாரோ என்று தோன்றும். ஏப்ரல் 2, கான்சஸ் சிட்டி. பெரிய அணியில் இவர் வீசிய முதல் பந்தையே ஜான் பக் ஹோம் ரன் அடித்தார். சரி, தொலைந்தார் என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்த ரன்னை அவரிடமிருந்து எடுக்க எதிரணிகளுக்கு வாரக்கணக்கில் ஆனது. ஏப்ரல் 20 அன்று பேப்பல்பானுக்கு ஓய்வு தேவைப்பட்டபோது, யாங்கீஸுக்கு எதிராக ஒரு ரன் முன்னிலையைக் காத்தவர் இவர்தான். ஜூலையில் சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். முகாமில் யாரும் பொருட்படுத்தாத ஆள் முழுப் புல்பென்னையும் நிமிர்த்தினார்.

கணக்குப்பிள்ளை: இன்றைய விதிகளில் அதே போட்டி நடந்தால்?

ஆட்டமே வேறாகிவிடும். அன்று அணியில் 25 பேர். இன்று 26, அதில் பிட்சர்கள் 13-க்கு மேல் கூடாது. ஒரு பருவத்தில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் கீழே இறக்க முடியாது. 2020 முதல், வரும் பிட்சர் குறைந்தது மூன்று மட்டைவீரர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஒரே ஓர் இடதுகை மட்டைவீரருக்காக மட்டும் வந்துபோகும் பிட்சருக்கு அதோடு பிழைப்புப் போனது.

பாஸ்டன்வாசி: அந்த மார்ச் முடிவு சரிதான் என்று எப்போது நம்பினீர்கள்?

பேப்பல்பானின் பருவ எண்களைக் கேட்டால் 37 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.85, பருவத்துக்குப் பிந்தைய சுற்றுகளில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் என்னை நம்பவைத்தது அக்டோபர் 25, பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானம், சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். பாஸ்டன் 2-1 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் எதிரணியின் இரண்டு பேர் பேஸில் (ரன் எடுக்க ஓடும் வழியில் உள்ள நிலைகளில்) நிற்க, ஸ்டார்ட்டர் கர்ட் ஷில்லிங்கிடமிருந்து பந்தை வாங்கினார் ஒகாஜிமா. ஏழு பேரைச் சந்தித்தார்; ஏழு பேரும் அவுட். எட்டாவதில் பேப்பல்பான் வந்ததும் கொலராடோவின் மாட் ஹாலிடே ஒரு ஹிட் அடித்து முதல் பேஸுக்குப் போனார். அவர் அடுத்த பேஸுக்கு ஓடப்போகிறார் என்று பாஸ்டன் பெஞ்சிலிருந்து சைகை வந்தது. பேப்பல்பான் அதுவரை பெரிய அணியில் ஒருவரைக்கூட அப்படி முதல் பேஸில் வீசி அவுட் ஆக்கியதில்லை. மட்டைவீரருக்கு ஒரு பந்தும் போடாமல் திரும்பி முதல் பேஸுக்கு வீசினார். ஹாலிடே அவுட். இன்னிங்ஸ் முடிந்தது.