டக் டக், கிர்ர், லொட லொட: பழைய கார்க்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சத்தம் பற்றியவைதான். காரணம் விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே கொழும்பில் இருபது வயதுக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, லொட லொடவென்று.

ஒரு வேண்டுகோள். "காரில் ஏதோ சத்தம்" என்று மட்டும் எழுதாதீர்கள். சத்தத்துக்குத் தமிழில் சொல்லா இல்லை? டக் டக்கா, கடகடவா, கிறீச்சா, கிர்ர்ரா, 'ஊ' என்ற முனகலா? பிரேக் பிடிக்கும்போதா, வளைக்கும்போதா, நிற்கும்போதா? அதை எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2003 கொரோல்லா 121. சின்னச் சின்னக் குழிகளில் முன்பக்கத்தில் 'டக் டக்' என்று கேட்கிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் கேட்பதில்லை. கராஜில் முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா? (வெள்ளவத்தை)

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. வேகத்தடையில் முன்சில்லுகள் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். குழியில் ஒரு சில்லு மட்டும் விழும். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுகுவது ஒரு பக்கம் மட்டும் அசையும்போதுதான். அந்தப் பாரின் நுனிகளில் ஒரு சாண் நீளத்துக்கு லிங்க் என்று ஒரு கம்பி இருக்கும். அதன் குமிழ் தேய்ந்தால் இதே 'டக் டக்'தான் வரும். முதல் சந்தேகம் அதன் மேல் வையுங்கள்.

உறுதிப்படுத்த ஒரு வழி. சமதரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக வளையுங்கள். சில்லுக்குப் பின்னால் கை போகும். லிங்கின் மூட்டை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் காரைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். தேய்ந்திருந்தால் அந்தத் தட்டல் விரலுக்குத் தெரியும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் இரண்டு லிங்கையும் கழற்றி, பாரை எங்கும் முட்டாமல் கட்டிவிட்டு, ஒழுங்கைக்குள் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வரச் சொல்லுங்கள். சத்தம் போய்விட்டதா? அவ்வளவுதான். அந்த நிலையில் வளைவில் கார் அதிகம் சரியும், காலி வீதிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

லிங்க் இல்லையென்றால் அடுத்தது அந்தப் பாரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் றப்பர். விலை குறைந்த சாமான், பலர் மறந்துவிடும் சாமான். பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் 'டொக்' என்று ஒரே ஒரு தடவை கேட்டால் லோவர் ஆர்மின், அதாவது சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையின், பின்பக்க றப்பர் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் தெறிப்பதுபோல 'டொங்' என்றால் ஷொக் அப்சோபரின் மேல் மவுன்டிங். தட்டல் காதை விட உள்ளங்கைக்கு அதிகமாகத் தெரிந்தால் ஸ்டியரிங்கின் கீழ் ஷாப்டையும் பாருங்கள். 121இல் அது வழக்கமாக வருகிற வருத்தம்.

முன்பக்கம் முழுவதையும் மாற்றச் சொன்ன கராஜ் பாஸை, அதாவது மெக்கானிக்கை, நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றி, சத்தம் நிற்காமல் நீங்கள் திரும்பி வந்து சண்டை பிடிப்பீர்கள் என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்தப் பயத்துக்கான காசை நீங்கள்தானே கட்டுகிறீர்கள்!

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரீகண்டிஷன் ஷொக் வாங்கலாமா, புதிதாகப் போடலாமா? ஓயில் ரீபில் செய்து தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். (கொட்டாஞ்சேனை)

கதவு, லைட், கண்ணாடி, கியர்பெட்டி என்றால் பஞ்சிகாவத்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொல்வேன். சரி, ஒரு கண்ணையாவது மூடலாம். ஷொக் விஷயம் வேறு. அது உள்ளே தேய்கிற சாமான், தேய்வு வெளியே தெரியாது. ஜப்பானில் எத்தனை கிலோமீற்றர் ஓடிய காரிலிருந்து கழற்றினார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. தண்டு பளபளப்பாக இருக்கும், கையால் அமுக்கினால் இறுக்கமாகவும் இருக்கும், காரில் பூட்டி மூன்று மாதத்தில் ஓயில் கசியும்.

அப்படியும் பழையதுதான் என்றால், தண்டில் ஒரு துருப்புள்ளியாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சீலைக் கிழிக்கும், வேண்டாம். வாயைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம் தூசியோடு இருந்தால் பயப்படத் தேவையில்லை. உடல் வழியே ஒழுகியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டும் ஒரே காரிலிருந்து வந்த சோடியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்று போட்டால் மழையில் திடீர் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

ரீபில் பற்றி: இப்போதைய ஷொக்குகள் பலவற்றில் ஓயிலோடு அழுத்தமுள்ள நைதரசனும் இருக்கிறது, ஓயில் நுரைக்காமல் இருக்க. துளையிட்டு ஓயில் ஊற்றி ஒட்டினால் அந்த வாயு போய்விடும். தேய்ந்த வால்வும் தேய்ந்த சீலும் அப்படியே இருக்கும். அது மருந்து இல்லை, வலி நிவாரணி.

என் கணக்கில் முன் ஷொக் இரண்டும் புதியது, கூடவே மேல் மவுன்டிங்கும் புதியது. மவுன்டிங்கைப் பழையதாக விட்டால் பிறகு அதற்காக எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும், கூலி இரண்டு தடவை.

பொனட் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை எழும்பி அடங்கினால் நல்லது என்பார்கள். அதில் முற்றாகச் செத்த ஷொக்தான் பிடிபடும். அரைகுறையானது தப்பிவிடும்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது காருக்கு அடியில் தகரம் நடுங்குவதுபோல் 'கிர்ர்' என்கிறது. அக்சிலரேட்டர் கொடுத்தால் நிற்கிறது. (தெஹிவளை)

சைலன்சர் குழாய்க்கு மேலுள்ள வெப்பத் தகடு. போல்ட் இருக்கும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை பெருத்திருக்கும். கடல் காற்றில் நிற்கும் கார்களில் இது சீக்கிரம் வரும். மரைன் டிரைவ் ஓரத்தில் இரவு நிறுத்துபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நல்ல துருவேறா எஃகு ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும், அதுவும் குழாய் ஆறிய பிறகு. தகட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பெற்றோல் குழாயையும் காரின் தரையையும் சூட்டிலிருந்து காப்பது அதுதான்.

ஆல்டோ 800. அம்மாவுக்கு முதுகுவலி, காரில் ஏறவே பயப்படுகிறார். ஒவ்வொரு குழியும் முதுகில் அடிக்கிறது. ஷொக் மாற்றியும் வித்தியாசமில்லை. (பம்பலப்பிட்டி, வாசகி)

முதலில் காற்று எவ்வளவு என்று பாருங்கள், தங்கச்சி. பெற்றோல் ஷெட்டில் பையன் கேட்காமலே 40 பி.எஸ்.ஐ. அடித்துவிடுவான், "நல்லா ஓடும் மிஸ்" என்று. கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுதான் சரி. காலையில் கார் ஓடாமல் நிற்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும்.

அடுத்தது டயரின் வயது. பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் பூ (மேல் வரிகள்) நன்றாக இருக்கிறது என்று வைத்திருப்பார்கள், றப்பர் மரக்கட்டையாகியிருக்கும். ஷொக் மாற்றியும் வித்தியாசம் தெரியாததற்கு இதுவே போதும்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். 12 அங்குல ரிம், 700 கிலோ அளவிலான உடல். சின்னச் சில்லு குழிக்குள் ஆழமாகவே இறங்கும். இது அதன் பிறவிக்குணம். அம்மாவை முன்சீட்டில் இருத்துங்கள். பின்சீட் பின்சில்லுக்கு மேலேயே இருப்பதால் அடி அங்கேதான் அதிகம்.

185/65 ஆர் 14 டயரைக் கழற்றி 195/50 ஆர் 16 அலோய் போட்டேன். அழகாக இருக்கிறது, ஆனால் கார் கல்லு மாதிரி. (மட்டக்குளி)

கணக்குப் போடுவோம். 185இல் 65 சதவீதம் ஏறத்தாழ 120 மி.மீ. 195இல் 50 சதவீதம் 97.5 மி.மீ. குழிக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த மெத்தையில் 2 சென்ரிமீற்றருக்கு மேல் போய்விட்டது. வெளிவட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது, அதுவரை சந்தோஷம். பழைய ரிம்மை விற்றுவிடவில்லையே? பொறுமையாக ஒரு மாதம் அதைப் போட்டுப் பாருங்கள்.

லோவர் ஆர்ம் புஷ் புதிதாகப் போட்டு ஐந்து மாதம். மறுபடி கிழிந்துவிட்டது. சாமான் போலியா? (வத்தளை)

போலியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: புஷ் போல்ட்டை இறுக்கியபோது சில்லு தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் நின்றதா?

இந்தப் பகுதியில் வருகிற கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் கராஜில் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆர்ம் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவே இரண்டிலும் ஒட்டிய றப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது நடுவிலுள்ள றப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. காரை ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும்போது இறுக்கினால், றப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்ளும். காரை இறக்கிய கணத்திலிருந்து அது முறுகியபடியே இருக்கும், நீங்கள் வீட்டில் தூங்கும்போதும்கூட. ஐந்து மாதம் தாங்கியதே பெரிய விஷயம்.

சரியான முறை: போல்ட்டை அரைகுறையாகப் பூட்டி, காரைத் தரையில் தன் எடையோடு நிற்க வைத்து, அல்லது ஆர்முக்குக் கீழே ஜக் கொடுத்து அந்த உயரத்துக்கு ஏற்றி, அப்புறம் கடைசி இறுக்கு. பாஸிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார், ஆனால் செய்வார்.

இன்னொன்று. சில சேர்விஸ் இடங்களில் அடிப்பக்கம் கழுவிய பிறகு பழைய எஞ்சின் ஓயிலோ டீசல் கலவையோ ஸ்பிரே பண்ணுவார்கள், துருப் பிடிக்காதாம். தகரத்துக்கு நல்லதாக இருக்கலாம். இயற்கை றப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, மென்மையாகிப் பிய்ந்துபோகும். "அடியில் ஓயில் வேண்டாம், தண்ணி மட்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டாஷ்போட்டுக்குள் ஏதோ கிலுகிலுக்கிறது. பைத்தியம் பிடிக்கிறது. (நாரஹேன்பிட்டி)

இதே பைத்தியம் எனக்கும் பிடித்திருந்தது. உங்கள் ஊர் ரயில் கடவையைத் தாண்டும் போதெல்லாம் என் காரில் ஒரு கிலுக்கல். லிங்க் மாற்றினேன், நிற்கவில்லை. டாஷ்போட்டைக் கழற்றிப் பார்த்தால், காற்று வரும் துவாரத்துக்குள் இரண்டு ரூபாய்க் குற்றிகள் ஏழு. என் மகன் சின்ன வயதில் அதை உண்டியலாகப் பாவித்திருக்கிறான். லிங்குக்குச் செலவழித்தது எத்தனை ரூபாய் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் காரைக் காலியாக்குங்கள்: கையுறைப் பெட்டி, கதவுப் பை, டிக்கியில் ஜக், ஸ்பெயர் சில்லின் திருகு, எல்லாம். அப்புறம் வேறொருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பகுதியாகக் கையால் அமுக்குங்கள். எங்கே அமுக்கும்போது நிற்கிறதோ அங்கேதான். பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் கைநிறையக் கிடைக்கும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசினால் நடுவே துணி டேப். கதவு றப்பர் கிறீச்சிட்டால் சிலிக்கன் கிரீஸ் தடவுங்கள்.

தெற்கு அதிவேக வீதியில் 90ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. (கல்கிசை)

வீல் பலன்ஸ். நிற்காவிட்டால் ரிம் வளைந்திருக்கும், மெஷினில் சுற்றும்போதே கண்ணுக்குத் தெரியும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

முன்பக்கத்தில் தட்டல் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். போகலாமா? (கிராண்ட்பாஸ்)

கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். தட்டல் எதிலிருந்து என்பதைப் பொறுத்தது. முன்சில்லை ஜக்கில் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட் (ஆர்மையும் சில்லையும் இணைக்கும் குமிழ் மூட்டு). இடமும் வலமுமாக ஆட்டம் இருந்தால் டை ரொட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு). போல் ஜொயின்ட்டுக்கு ஆர்மின் கீழ் ஒரு கம்பி கொடுத்து நெம்பியும் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எது ஆடினாலும் குருநாகல் வரைக்கும்கூடப் போக வேண்டாம். போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு மடங்கி விழும்.

லிங்க் மட்டும்தான் என்றால் போகலாம், பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் போடுங்கள். மாற்றுவதானால் பயணத்துக்கு முதல் நாள் வேண்டாம், ஒரு கிழமைக்கு முன் செய்யுங்கள். ஆர்மோ டை ரொட்டோ கழற்றினால் அலைன்மென்டும் பார்க்க வேண்டும். இரண்டு நாள் ஊருக்குள் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருதரம் மறுபடி ஸ்பனர் போட்டுப் பாருங்கள்.